சிதறிக் கிடக்கும் விலைகளுக்குச் சராசரி: 26 ரூபாயா, 18 ரூபாயா?

கணக்குப் பார்ப்போம் - கேள்வி பதில்

கைப்பேசியிலும் கணினியிலும் பண்ணைக் கணக்கு எழுதும் வாசகர்கள் பெருகிவிட்டார்கள். இந்த இதழுக்காக எடுத்துக்கொண்ட மூன்று கேள்விகளும் சராசரி பற்றியவை. மூன்றிலும் ஒரு முடிவு காத்திருக்கிறது: ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கலாமா, மாட்டை வைத்துக்கொள்ளலாமா, தோப்பைக் குத்தகைக்கு எடுக்கலாமா? எனவே மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

ஒரு குறிப்பு. படிக்க வசதியாக ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கட்டத்தில் எழுதும்போது ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். சமக்குறி போட்டு முதல் இரண்டு, மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே பெயர்ப் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் போதும். மேற்கோள் குறிக்குள் வரும் சொல்லை மட்டும், உங்கள் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே தமிழில் எழுதலாம்.

கேள்வி: ‘‘ஒரு ஏக்கரில் கத்திரி போட்டிருக்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத்தான் கொண்டு போகிறேன். பறிப்புக் கூலி, மருந்து, விற்பனை எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே ஒரே ஷீட்டில் எழுதி வருகிறேன். ஒரு வியாபாரி, ‘வருஷம் முழுக்கக் கிலோ 20 ரூபாய், வயலிலேயே எடை போட்டுக்கொள்கிறேன்’ என்கிறார். எனக்குச் சராசரியாக என்ன விலை கிடைத்தது என்று பார்க்க மேலிருந்து கீழே இழுத்தால் 188 என்று காட்டுகிறது. அங்கங்கே இருக்கும் விற்பனை விலைக்கு மட்டும் சராசரி எடுப்பது எப்படி?’’

- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய ஷீட்டில் ஏ வரிசையில் தேதி, பி-யில் வகை, சி-யில் அளவு, டி-யில் விலை அல்லது கூலி, ஈ-யில் தொகை இருக்கிறது. டி வரிசையில் கத்திரி விலையோடு ஆள் கூலி 350-ம் ஆறு இடத்தில் இருக்கிறது. மொத்தமாக இழுத்தால் கூலியும் விலையும் கலந்துதான் வரும். அதுதான் அந்த 188.

இதைப் பிரிக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வேண்டிய கட்டங்களை மட்டும் சொல்வது. நீங்கள் எடுத்துக்காட்டாகக் கொடுத்த ஆறு பறிப்புகளின் விலை டி3, டி6, டி8, டி11, டி15, டி18 ஆகிய கட்டங்களில் இருக்கிறது. ஒரு காலிக் கட்டத்தில் இப்படி எழுதுங்கள்:

=ஆவரேஜ்(டி3,டி6,டி8,டி11,டி15,டி18)

நடுவில் காற்புள்ளி போட வேண்டும். அதற்குப் பதில் இரண்டு புள்ளி (:) போட்டால், அந்த இரண்டு கட்டத்துக்கும் இடையில் இருப்பது எல்லாம் உள்ளே வந்துவிடும். கணினியில் என்றால் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு, கன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி கட்டங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் காற்புள்ளி தானாக விழும்.

இரண்டாவது வழி, ஃபார்முலாவே இல்லாமல் ஒரு பார்வை பார்ப்பது. கணினியில் எக்செல்லைத் திறந்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஆறு கட்டங்களையும் தேர்வு செய்யுங்கள். திரையின் கீழ் ஓரத்தில் சராசரி, எண்ணிக்கை, கூட்டுத்தொகை மூன்றும் தெரியும். மண்டிக்காரர் போனில் காத்திருக்கும்போது இதுவே போதும்.

மூன்றாவது வழிதான் நிரந்தரமானது. கத்திரியில் மாதக்கணக்கில் பறிப்பு இருக்கும். ஒவ்வொரு முறையும் புதுக் கட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தால், எதையாவது ஒன்றை விட்டுவிடுவோம். பி வரிசையில் வகை எழுதும் நல்ல பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

=ஆவரேஜ்இஃப்(பி2:பி20,"விற்பனை",டி2:டி20)

பி வரிசையில் ‘விற்பனை’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அந்த வரியின் விலையை மட்டும் எடுத்துச் சராசரி போடும். 20 என்பதை 500 என்று மாற்றிவிட்டால் பருவம் முடியும் வரை தொட வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: சொல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருநாள் ‘விற்பனை’, இன்னொரு நாள் ‘விற்றது’ என்று எழுதினால் இரண்டாவது கணக்கில் வராது. சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் விழும் ஓர் இடைவெளிகூடக் கணக்கைக் கெடுக்கும்.

எந்த வழியில் போட்டாலும் உங்களுக்கு வரும் விடை 26 ரூபாய். ‘நமக்கு 26 கிடைக்கிறதே, 20-க்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?’ என்றுதான் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உங்கள் ஆறு பறிப்புகளை அளவோடு சேர்த்துப் பாருங்கள்:

40 கிலோ, விலை 45: 1,800 ரூபாய்
60 கிலோ, விலை 38: 2,280 ரூபாய்
150 கிலோ, விலை 22: 3,300 ரூபாய்
250 கிலோ, விலை 14: 3,500 ரூபாய்
300 கிலோ, விலை 10: 3,000 ரூபாய்
100 கிலோ, விலை 27: 2,700 ரூபாய்

மொத்தம் 900 கிலோ. வந்த பணம் 16,580 ரூபாய். வகுத்தால் கிலோவுக்கு 18 ரூபாய் 42 காசு.

26 என்பது விலைகளின் சராசரி. 18.42 என்பது உங்கள் கத்திரியின் சராசரி. 45 ரூபாய் விற்ற நாளில் உங்களிடம் இருந்தது 40 கிலோ. 10 ரூபாய்க்கு விழுந்த நாளில் இருந்தது 300 கிலோ. முதல் கணக்கு இரண்டு நாளையும் சமமாக நடத்துகிறது. உங்கள் பை அப்படி நடத்தவில்லை.

இது தற்செயல் இல்லை. உங்கள் செடி காய்த்துத் தள்ளும்போது ஊரில் உள்ள எல்லாச் செடியும் காய்த்துத் தள்ளுகிறது. வரத்து கூடும், விலை இறங்கும். காய் குறைந்த நாளில் விலை ஏறும். மார்கழிப் பனியில் மல்லிகை விலை உச்சத்துக்குப் போவதும் அப்போது பூ இல்லாததால்தான். ஆகவே விலையை மட்டும் வைத்து எடுக்கும் சராசரி, இப்படிப்பட்ட பயிர்களில் கையில் வந்த பணத்தைவிட உயர்வாகவே காட்டும்.

உங்கள் ஷீட்டில் இதை எடுக்க:

=சம்இஃப்(பி2:பி20,"விற்பனை",ஈ2:ஈ20)/சம்இஃப்(பி2:பி20,"விற்பனை",சி2:சி20)

முதல் பாதி, விற்பனைத் தொகையை மட்டும் கூட்டுகிறது. இரண்டாவது பாதி, விற்ற கிலோவை மட்டும் கூட்டுகிறது. சாய்கோடு வகுத்துக்கொடுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தையில் 18.42-ம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, சாக்கு, கமிஷன் எல்லாம் சேர்த்து இந்த ஆறு நடைக்கு 1,800 ரூபாய் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். அது கிலோவுக்கு 2 ரூபாய். அதைக் கழித்தால் மிஞ்சுவது 14,780 ரூபாய். கிலோவுக்கு 16 ரூபாய் 42 காசு. வியாபாரி வயலிலேயே எடை போட்டால் இந்தச் செலவு உங்களுக்கு இல்லை. 900 கிலோவையும் 20 ரூபாய்க்கு எடுத்தால் 18,000 ரூபாய். ஒப்பந்தம்தான் மேல்.

அப்படியானால் உடனே சம்மதம் சொல்லிவிடலாமா? அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: ‘ஒரு பறிப்புக்கு எத்தனை கிலோ வரை எடுப்பீர்கள்?’

‘100 கிலோ வரைதான்’ என்று அவர் சொன்னால் கணக்கு தலைகீழாகிவிடும். ஆறு பறிப்பில் அவர் எடுப்பது 500 கிலோ. அதற்கு 10,000 ரூபாய். மீதி 400 கிலோ, விலை விழுந்த நாள்களில் சந்தைக்குப் போகும்: 22-க்கு 50 கிலோ, 14-க்கு 150 கிலோ, 10-க்கு 200 கிலோ. அதில் வருவது 5,200 ரூபாய். சந்தைச் செலவு கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் 800 போக, மொத்தம் 14,400 ரூபாய். ஒப்பந்தம் இல்லாமலே 14,780 வந்ததே! விலை ஏறிய நாளில் காயெல்லாம் அவருக்கு. விலை விழுந்த நாளில் மிச்சம் உங்களுக்கு என்று ஆகிவிடும். தரம் பிரித்து முதல் தரத்தை மட்டும் எடுப்பேன் என்றாலும் இதே கதைதான். அளவு, தரம், பணம் தரும் நாள் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, போன பருவம் முழுவதையும் ஷீட்டில் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. பறிப்பே இல்லாத நாளுக்கு விலைக் கட்டத்தில் சைபர் போடாதீர்கள், காலியாக விடுங்கள். ஆனால் 80 கிலோ கொண்டுபோய், வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டு வந்திருந்தால், 80 கிலோ, விலை சைபர் என்று கட்டாயம் எழுதுங்கள். அந்த 80 கிலோவுக்கும் கூலி கொடுத்துத்தானே பறித்தீர்கள்?

கேள்வி: ‘‘என் கலப்பினப் பசு ஒரு நாளைக்குச் சராசரியாக 9 லிட்டர் கறக்கிறது என்று ஷீட் காட்டுகிறது. லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது. தீவனச் செலவு வருஷம் முழுக்கச் சராசரியாக நாளைக்கு 200 ரூபாய். அப்படியானால் தினம் 115 ரூபாய் மிஞ்ச வேண்டும். கையில் அவ்வளவு நிற்கவில்லை. கணக்கில் எங்கே ஓட்டை?’’

- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: ஓட்டை காலிக் கட்டங்களில் இருக்கிறது. உங்கள் ஷீட்டில் ஒரு ஈற்றிலிருந்து அடுத்த ஈற்று வரை 400 நாள்கள் இருக்கின்றன. அதில் கறந்தது 300 நாள். பால் வற்றிய 100 நாளுக்கும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. கூட்டலிலும் சேர்க்காது, வகுத்தலிலும் சேர்க்காது. சைபர் இருந்தால் மட்டும் அதை ஒரு நாளாக எண்ணும்.

300 நாளில் 2,700 லிட்டர். 300-ஆல் வகுத்தால் 9 லிட்டர். 400-ஆல் வகுத்தால் 6.75 லிட்டர். இரண்டுமே சரியான விடைகள்தான். ஆனால் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். ‘இந்த மாடு கறவையில் இருக்கும்போது எவ்வளவு கறக்கும்?’ என்றால் 9. ‘இந்த மாட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு எவ்வளவு பால்?’ என்றால் 6.75. தீவனத்தை 400 நாளும் போடுகிறீர்கள். எனவே தீவனச் செலவுக்கு எதிரில் வைக்க வேண்டியது 6.75-ஐத்தான்.

6.75 லிட்டர், 35 ரூபாய் வீதம் 236 ரூபாய் 25 காசு. தீவனம் 200 போக மிச்சம் 36 ரூபாய் 25 காசு. 400 நாளுக்கு 14,500 ரூபாய். 115 ரூபாய் கணக்குப்படி நீங்கள் எதிர்பார்த்தது 46,000. வித்தியாசம் எங்கே போனது என்று இப்போது புரிந்திருக்கும். கன்றும் சாணமும் தனி வரவு.

இதற்காக மாட்டை விற்க நினைக்க வேண்டாம். கன்று ஈனுவதற்கு முன் மடிக்கு ஓய்வாக 60 நாள் தேவை. உங்கள் மாட்டுக்கு 100 நாள் ஆகியிருக்கிறது. சினை பிடிக்கத் தாமதமான 40 நாள்தான் உங்கள் லாபத்தைத் தின்றிருக்கிறது. அதே 300 நாள் கறவையோடு இடைவெளி 360 நாளாகக் குறைந்தால் சராசரி 7.5 லிட்டர் ஆகும். தினசரி மிச்சம் 62 ரூபாய் 50 காசு. மாடு அதேதான், பாலும் அதேதான். பருவம் வந்ததைக் கவனித்து உரிய நேரத்தில் சினை ஊசி போடுவதும், நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும்தான் வேண்டும்.

வற்றிய நாள்களுக்கு இனி சைபர் போடுங்கள். கறவை நாளுக்கு மட்டும் சராசரி வேண்டும்போது இப்படி எடுக்கலாம்:

=ஆவரேஜ்இஃப்(பி2:பி401,">0")

சைபருக்கு மேல் உள்ளதை மட்டும் எடு என்று பொருள். இரண்டு விடையும் ஒரே ஷீட்டில் கிடைக்கும். பால் அளக்க மறந்த நாளை மட்டும் காலியாக விடுங்கள்.

கொழுப்புச் சராசரியையும் கேட்டிருக்கிறீர்கள். காலையில் 8 லிட்டர், கொழுப்பு 3.8, மாலையில் 5 லிட்டர், கொழுப்பு 4.6. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4.2 வரும். இரண்டு வேளைப் பாலையும் ஒன்றாக ஊற்றினால் கொழுப்பு 4.2 இருக்காது, 4.11-தான் இருக்கும். கத்திரிக்குச் சொன்ன அதே கணக்குதான்: லிட்டரைக் கொழுப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

=சம்ப்ராடக்ட்(பி2:பி3,சி2:சி3)/சம்(பி2:பி3)

கேள்வி: ‘‘பக்கத்தில் 70 மரமுள்ள தென்னந்தோப்பை ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். தோப்புக்காரரின் மகன் போன வருஷக் கணக்கை எக்செல்லில் அனுப்பினார். ஒவ்வொரு வெட்டும் தனித்தனி ஷீட்டில் இருக்கிறது. ஆறு ஷீட்டிலும் பி10 கட்டத்தில்தான் மொத்தக் காய் இருக்கிறது. ஆறுக்கும் சராசரி எடுத்தால் 1,120 வருகிறது. இதை நம்பிக் குத்தகை பேசலாமா?’’

- கோயம்புத்தூர் மாவட்ட வாசகர்

பதில்: நல்லவேளை, கேட்டீர்கள். வெவ்வேறு ஷீட்டில் உள்ள கட்டங்களைச் சேர்க்க நீங்கள் செய்தது சரியான முறைதான். கணினியில் =ஆவரேஜ்( என்று தொடங்கி, முதல் ஷீட்டில் அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, காற்புள்ளி போட்டு, அடுத்த ஷீட்டுக்குப் போய்ச் சொடுக்கிக்கொண்டே வரலாம். ஷீட்டின் பெயரைக் கையால் எழுத வேண்டியதில்லை, தானாக விழும்.

சிக்கல் வேறு இடத்தில். மார்ச் 1,100, மே 1,250, ஜூலை 1,170, செப்டம்பர் 960 என்று நான்கு ஷீட்டில் வெறும் எண் இருக்கிறது. ஜனவரியில் ‘780 காய்’ என்றும், நவம்பரில் ‘840 காய்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். எண்ணோடு எழுத்து சேர்ந்துவிட்டால் எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் சொல். சொல் இருக்கும் கட்டத்தை ஆவரேஜ் சத்தமில்லாமல் விட்டுவிடும்; தவறு என்றுகூடச் சொல்லாது. உங்களுக்குக் கிடைத்த 1,120 என்பது நான்கு வெட்டின் சராசரி. விட்டுப்போன இரண்டும் காய் குறைந்த வெட்டுகள்.

அந்த இரண்டு கட்டத்திலும் ‘காய்’ என்ற சொல்லை அழித்துவிட்டுப் பாருங்கள். ஆறு வெட்டுக்கு மொத்தம் 6,100 காய், சராசரி 1,017. நீங்கள் 1,120-ஐ நம்பி ஆறால் பெருக்கியிருந்தால் 6,720 காய் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். இல்லாத 620 காய்க்குக் குத்தகை கட்டியிருப்பீர்கள். ஒரு காய் 20 ரூபாய் என்று வைத்தாலே 12,400 ரூபாய்.

தோப்புக்காரர் மகன் ஏமாற்ற நினைத்தார் என்று எண்ண வேண்டாம். படிப்பவருக்குப் புரியட்டும் என்றே ‘காய்’ என்று சேர்த்திருப்பார். அலகை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதக் கூடாது. தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். ‘24 ரூபாய்’, ‘15 கிலோ’, ‘3 மூட்டை’ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நாம் எதையும் மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். சொல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இன்னும் உறுதியாகத் தெரிய, ஆவரேஜ் எழுதிய அதே கட்டங்களுக்குப் பக்கத்திலேயே கவுன்ட் என்று ஒன்றைப் போடுங்கள். அது எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணிச் சொல்லும். ஆறு வெட்டு என்று உங்களுக்குத் தெரியும். கவுன்ட் நான்கு என்று சொன்னால், இரண்டு எங்கே போனது என்று தேடுங்கள்.

குத்தகைக்கு ஒரு வருஷக் கணக்கு போதாது. தென்னையில் ஒரு வருஷத்து வறட்சி அடுத்தடுத்த வருஷக் காய்ப்பிலும் தெரியும். இன்னும் இரண்டு வருஷக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அதில் மரத்துக்கு எத்தனை காய் என்று பாருங்கள். போன வருஷம் 6,100 காயை 70 மரத்துக்கு வகுத்தால் மரத்துக்கு 87. அந்த எண் வருஷத்துக்கு வருஷம் எப்படிப் போகிறது என்று தெரிந்த பிறகு தொகையைப் பேசுங்கள்.

மூன்று கேள்விகளிலும் எந்திரம் கணக்கில் தவறவில்லை. சொன்னதைச் சரியாகச் செய்தது. சராசரி என்று ஓர் எண் வந்ததும் அதனிடம் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எதைக் கூட்டினாய், எத்தனையால் வகுத்தாய், எதை விட்டுவிட்டாய்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

பண்ணைக் கணக்கு தொடர்பான உங்கள் கேள்விகளை ஷீட்டின் படத்தோடு அனுப்புங்கள். எந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.